சாவி என் பையிலதான் இருக்கு

சித்தெ நவுந்து உக்காருங்க தம்பி. இந்தக் கால மடக்க வராதுங்க, முட்டி ஆபரேசன் பண்ணுனது. ஆங், போதும் போதும். உங்களுக்கு இடிக்கலீங்களே? நான் காங்கேயம் போறனுங்க. நீங்க தாராபுரமா? நல்லதாப் போச்சு. அது வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளாச்சு.

நான் பஸ்ஸுல போற ஆளே இல்லீங்க. கார் இருக்குது எங்கூட்டுல. எங்கூட்டுலன்னா, இப்ப எங்கூட்டுல இல்ல, இந்த உடுமலையில என்ற கொழுந்தியா ஊட்டு வாசல்ல நிக்குது. இந்தா பாருங்க, சாவி. நல்லாப் பாருங்க. சாவி என் பையில இருக்குது, நான் பஸ்ஸுல உக்காந்துட்டுப் போறேன். எங்கயாச்சும் நடக்குமுங்களா இந்த அநியாயம்?

சாவியாட்டவே இல்லைன்னுதான பாக்கறீங்க? ஆமாங்க, பல்லே இருக்காது. கறுப்பா, சோப்புக் கட்டியில பாதி அளவு. இதத் துளையில விட்டுத் திருக வேண்டியதில்ல. சும்மா சட்டைப் பையில கெடந்தாப் போதும். நாம கிட்டப் போனா வண்டி 'யாரு'ன்னு கேக்குமாம், இது 'நான்தான்'னு சொல்லுமாம். ஒடனே ரெண்டு பக்கத்துக் கண்ணாடியும் தானா விரியும், கதவு தொறக்கும். உள்ள உக்காந்து பட்டனை அழுத்துனா ஸ்டார்ட். வண்டி வாங்குன அன்னைக்குக் கடைக்காரன் எனக்கு இதத்தான் சொன்னான். "சார், சாவி உள்ள இல்லைன்னா வண்டி அசையாது"ன்னான். அந்த ஒரு பேச்சுக்குத்தானுங்க நான் இந்த வண்டியையே எடுத்தேன்.

ஏன்னு கேளுங்க. நான் மின்சார வாரியத்துல லைன்மேனாச் சேந்து, லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டையர் ஆனவன். எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டுங்க. கம்பத்துல ஏறோணும்னா, கீழ டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் கட்டைய உருவிப் பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறுவோம். யாரையும் நம்பி விட்டுட்டு ஏறமாட்டோம். ஃபியூஸ் யார் பையில இருக்குதோ அவன் உசுரு அவன் கையில. என்கூட வேலை பாத்த மாணிக்கவாசகம்னு ஒருத்தன், ஃபியூஸ உருவி அங்கயே திண்டு மேல வெச்சுட்டு ஏறிட்டான். மோட்டார் ஓடலைன்னு தோட்டத்துக்காரன் ஒருத்தன் வந்தான், எடுத்துச் செருகிட்டான். அவ்வளவுதானுங்க. நான்தான் கம்பத்துல ஏறி அவன எறக்குனேன். அதுல இருந்து எனக்கு எதா இருந்தாலும் சரி, சாவின்னு ஒண்ணு இருந்தா என் பையில இருக்கோணும். பீரோ சாவி, கேட்டுச் சாவி, மோட்டார் ரூம்புச் சாவி, எல்லாம். எங்கூட்டுக்காரி சர்க்கரை டப்பாவத் தவிர மத்த எல்லாத்தையும் என்கிட்டக் கேட்டுத்தான் தொறப்பா. அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. "சரிங்க"ன்னுவா. எதுக்கும் "சரிங்க". அப்படி ஒரு தங்கமான பொம்பளை.

பேரு தனபாக்கியம். டீச்சரா இருந்தவ. சம்பளச் சீட்டு அவளுதா இருந்தா பேங்க்குல லோன் லேசாக் கிடைக்கும்னு வண்டிய அவ பேருல வாங்கினோம். பேருதான் அவளுது. தவணையும் அவ சம்பளத்துல இருந்துதான் போச்சு, அது வேற. ஆனா எந்த வண்டி, என்ன கலரு, எல்லாம் பாத்துப் பாத்து எடுத்தது நானு.

நாந்தானுங்க ஓட்டிட்டு இருந்தேன். இந்த முட்டி ஆபரேசன் முடிஞ்ச பொறவு டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டார். நான் கேப்பனா? ஒரு நா எடுத்தேன், பிரேக்குல கால் வெக்கறதுக்குள்ள கேட்டுத் தூணு போயிருச்சு. அப்புறம் தனம் போய் டிரைவிங் ஸ்கூல்ல சேந்தா. அந்த வயசுல! நான் கேலி பண்ணுனேன், "நீ ஓட்டிப் பழகறதுக்குள்ள வண்டிக்கு வயசாயிரும்"னு. ஆனா ஓட்டுனாளுங்க. சும்மா சொல்லக் கூடாது, நிதானமா ஓட்டுவா. நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். ஸ்டியரிங் அவ கையில, சாவி என் பையில. நான் ஏறி உக்காந்து கதவச் சாத்துனாத்தான் அவ பட்டன அழுத்த முடியும். நான் இல்லாம அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்க. அத நெனச்சா எனக்கு ஒரு தெம்பு. கால் போனா என்ன, நாம இல்லாம ஆகறதில்ல பாரு, அப்படின்னு.

இன்னொண்ணு சொல்றனுங்க. வழியில கடைகண்ணியில நிறுத்துனா நான் எஞ்சினை ஆப் பண்ண விடமாட்டேன். ஏசி ஓடட்டும், அவ வெயில்ல வேக வேண்டாம்னு. நான் எறங்கிக் கதவச் சாத்துனதும் வண்டி கத்தும். கீ, கீ, கீன்னு மூணு தடவ. சாவி வெளிய போயிருச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சுக்கும். நான் திரும்பிக் குனிஞ்சு கண்ணாடி வழியாத் தனத்துகிட்டச் சொல்லுவேன், "பாத்தியா, என்னை உட்டுட்டு இருக்க இதுக்கு மனசில்ல!" எப்ப எறங்குனாலும் இதச் சொல்லுவேன். அவ சிரிக்க மாட்டா. நேரா ரோட்டப் பாத்துட்டு உக்காந்திருப்பா. அவளுக்குத் தமாசு புரியாதுங்க.

வண்டிக்கு ரெண்டு சாவி குடுத்தாங்க. ஒண்ணு இது. இன்னொண்ண அவ கேட்டா. "எனக்கு ஒண்ணு குடுங்க, நான் சிவகாமியப் பாத்துட்டு வந்துர்றேன்"னு. சிவகாமிதான் என்ற கொழுந்தியா. புருசன் இல்ல, புள்ள இல்ல, ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துல ரெண்டு நா ஆஸ்பத்திரியில மெசின்ல போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்ணோணும். ஆட்டோவுல போய்ட்டு ஆட்டோவுல வருவா. வரும்போது தலை நிக்காதாம், கம்பியப் புடிச்சுட்டே வருவாளாம். பாவந்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ரெண்டாவது சாவியத் தூக்கிக் குடுக்க முடியுமுங்களா? திருட்டுப் பசங்க இப்ப ஒரு மெசின வெச்சுக்கிட்டு ஊட்டு வாசல்ல நின்னே சாவியோட சிக்னலப் புடிச்சுர்றாங்களாம். செல்லுல வீடியோ வந்துச்சு. அதனால அந்தச் சாவிய வெள்ளித் தாளு, சாப்பாடு சுத்தற தாளு இருக்குதே, அதுல நாலு சுத்துச் சுத்தி, எவர்சில்வர் சம்படத்துல போட்டு, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். "உனக்கு எப்பப் போகோணுமோ சொல்லு, நான் வர்றேன், ரெண்டு பேரும் போலாம்"னேன். "சரிங்க"ன்னா.

அவ கேக்கற நேரமெல்லாம் எனக்கு ஏதாச்சும் ஒரு வேலை வந்துரும், அது என் தப்புங்களா? ஒரு நா பென்சனர் சங்கத்துக் கூட்டம். ஒரு நா கால் வலி. ஒரு நா கிரிக்கெட்டுன்னு கூட வெச்சுக்குங்க. மனுசன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்.

அன்னைக்கு என்னாச்சுன்னா, தாராபுரத்துல ஒரு ஒறம்பரை ஊட்டுல காது குத்து. நாங்க கெளம்பிப் போய்ட்டு இருக்கறோம். தாராபுரம் வந்தாச்சு, சிவகாமிகிட்ட இருந்து போன். தனம் வண்டி ஓட்டறதுனால ஸ்பீக்கர்ல போட்டா, நானும் கேட்டேன். ஆட்டோக்காரன் வரலையாமா. போன தடவையே சரியாப் பண்ணலையாம், ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குச்சாம். "அக்கா, கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது"ன்னு அழுவறா. தனம் என்னப் பாத்தா. "ஏனுங்க, இப்படியே உடுமலைக்குப் போயிரலாமுங்களா? ஆஸ்பத்திரியில எறக்கி உட்டுட்டு வந்து காது குத்துக்குப் போலாம்"ங்கறா.

நல்ல நேரம் முடியறதுக்குள்ள போகோணுமுங்க. மாமன் மொறைக்காரன் நான். நான் சொன்னேன், "ஒரு நா தள்ளிப் போனா ரத்தம் கெட்டா போயிரும்? நாளைக்குப் போகச் சொல்லு." அவ சொன்னா, "கெட்டுத்தானுங்க போகும்." அப்படி எதுத்துப் பேசறவளே இல்ல. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா ரோட்டுல வெச்சுச் சண்டை எதுக்கு? "சரி, வெறுங்கையோட போக முடியாது, பழம் வாங்கிட்டு வந்தர்றேன், அப்புறம் பேசிக்கலாம். கம்முனு இரு"ன்னு சொல்லி, பழக்கடை ஓரமா நிறுத்தச் சொல்லி எறங்குனேன். வண்டி கத்துச்சு. கீ, கீ, கீ. "பாத்தியா"ன்னு நான் வழக்கம்போலச் சொல்ல வந்தேன். சொல்லாம உட்டுட்டேன், கோவத்துல.

பழக்காரன் அழுகுன ஆப்பிளை அடியில தள்ளி நிறுக்கறான். அவன்கூட மல்லுக் கட்டிட்டுத் திரும்பறேன், வண்டியக் காணோம்!

மொதல்ல என்ன நெனச்சேன் தெரியுமுங்களா? எவனோ வண்டியத் தனத்தோட தூக்கிட்டுப் போயிட்டான்னு. பையத் தொட்டுப் பாக்கறேன், சாவி இருக்குது. சாவி இல்லாம வண்டி எப்படிங்க போகும்? "அய்யோ, வண்டி போச்சு, வண்டி போச்சு"ன்னு கத்திட்டேன். பழக்காரன்தான், "ஏனுங்க, அந்தம்மா தானே ஓட்டிட்டுப் போனாங்க? சிக்னல் போட்டு, பின்னால பாத்து, நல்லாத்தான் போனாங்க"ன்னான். எனக்கு அது மண்டையிலயே ஏறல.

அப்புறம் என் போன் அடிக்குது. தனம். "ஏனுங்க, நான் உடுமலைக்குப் போறேன். நிறுத்துனா மறுக்கா ஸ்டார்ட் ஆகாது, அதனால நிக்க மாட்டேன். நீங்க பஸ்ஸப் புடிச்சுக் காது குத்துக்குப் போய்ட்டு ஊட்டுக்குப் போங்க. மாத்திரை சாப்பாட்டு மேசை மேல இருக்குது." வெச்சுட்டா. அவ்வளவுதான். அந்தப் பழப் பைய வெச்சுக்கிட்டு நான் நடுரோட்டுல நிக்கறேன். வெயிலுன்னா வெயிலு. மானம் போச்சுங்க. காது குத்து ஊட்டுல எல்லாரும் "அக்கா வல்லீங்களா, கார் வல்லீங்களா"ன்னு கேட்டாங்க. வண்டி சர்வீஸ்ல இருக்குதுன்னுட்டேன்.

அப்புறமா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, ஸ்டார்ட் பண்றதுக்குத்தான் சாவி வேணுமாம். ஓட ஆரம்பிச்சுட்டா, சாவி வெளிய போனாலும் எஞ்சின் நிக்காதாம். நடு ரோட்டுல பொசுக்குனு நின்னா மேல லாரி ஏறிருமில்ல, அதுக்காக அப்படி வெச்சிருக்கறானாம். கத்தறதோட சரி. இதக் கடைக்காரன் எனக்குச் சொல்லவே இல்லீங்களே! நின்ன எடத்துல எஞ்சின் ஓடுமே ஒழிய நகராதுன்னுதான் நான் இத்தனை நாளும் நெனச்சுட்டு இருந்தேன்.

சிவகாமிய ஏத்தி, ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி, உள்ள அனுப்பி வெச்சுட்டு எஞ்சினை ஆப் பண்ணியிருக்கறா. அவ்வளவுதான், வண்டி கல்லாட்ட நின்னுருச்சு. வாட்ச்மேன் எடுங்கம்மாங்கறான், எப்படி எடுக்கறது? ஸ்டியரிங்கும் பூட்டிக்கும், தள்ளவும் முடியாது. கடைசியில தூக்கற லாரியக் கூப்புட்டு, வண்டியத் தூக்கிக்கிட்டுப் போய்ச் சிவகாமி ஊட்டு வாசல்ல எறக்குனாங்களாம். இதக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன், வந்துச்சு. போகட்டும், எங்க போனாலும் என்கிட்டத்தான வரோணும்? சாவி என் பையில.

ராத்திரி போன் பண்ணுனா. "சிவகாமி கொஞ்சம் தேறட்டும், நான் இங்கயே இருக்கறேன். சாவிய யார்கிட்டயாச்சும் குடுத்து உடுங்க, இல்லைன்னா கொரியர்ல அனுப்புங்க"ன்னா. நான் தன்மையாத்தானுங்க சொன்னேன். "கொரியர்ல போட்டா தொலைஞ்சிரும். நீ பஸ்ஸுல வா. வந்து நேர்ல கேளு, தர்றேன்." அப்புறம், "சரிங்க"ன்னா. சரிங்கன்னா என்ன அர்த்தம்? வர்றேன்னுதானுங்களே அர்த்தம்? நானும் இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு பாத்துட்டே இருந்தேன். ஓட்டல் சாப்பாடு. வாய்க்கு வெளங்கல. ஊட்டுல ஒரு சத்தம் கெடையாது. டிவிய உட்டா நாதி இல்ல.

பையன் பெங்களூர்ல இருக்கறான், யுவராஜ்னு பேரு. "அப்பா, சாவியக் குடுத்துட்டு வாங்க. அம்மா வந்துருவாங்க"ன்னான். "நீ உன் வேலையப் பாருடா"ன்னுட்டேன். நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? வந்து கேளுன்னுதான் சொன்னேன். ஒரு வார்த்தை. வந்து, "குடுங்க"ன்னு கேட்டிருந்தா, வெள்ளித் தாளப் பிரிச்சு அந்த ரெண்டாவது சாவியையே குடுத்திருப்பேன். குடுத்திருப்பேனா? குடுத்திருப்பேனுங்க. அப்ப இருந்த நெலமையில குடுத்திருப்பேன்.

ஒரு நா சங்கத்துல கூட வேலை பாத்த தங்கராசு சொல்றான், "என்னப்பா, உன்ற ஊட்டுக்காரி உடுமலை பெட்ரோல் பங்க்குல காருக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்தாங்களே, பக்கத்துல தங்கச்சியும் இருந்துச்சு"ன்னு. நான் நம்பல. "உனக்குக் கண்ணாடிய மாத்தோணும்"னு அவனத் திட்டி அனுப்பிச்சேன். சாவி இங்க இருக்குது, வண்டி அங்க எப்படி ஓடும்? ஆனா ராத்திரி தூக்கம் வல்லீங்க. விடிஞ்சதும், அது இன்னைக்குக் காலையில, ரெண்டு சாவியையும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன்.

வாசல்ல வண்டி நிக்குது. தொடைச்சுப் பளபளன்னு இருக்குது. நான் கிட்டப் போனா கண்ணாடி விரியோணுமில்ல? விரியல. இந்தப் பட்டன அமுக்கறேன், அசையல. கதவுல கைய வெச்சு இழுக்கறேன், தொறக்கல. இன்னொரு சாவிய எடுத்து அமுக்கறேன், அதுவும் அப்படியே. சிவகாமிதான் உள்ள இருந்து எட்டிப் பாத்துட்டு, "அக்கா, மாமா வந்திருக்கறாங்க! வாங்க மாமா, வெயில்ல நிக்காதீங்க"ன்னு கூப்புட்டா. ஆளு பரவால்லீங்க, மூஞ்சியில களை வந்திருந்துச்சு.

தனம் வெளிய வந்தா. "வாங்க"ன்னா. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. மோர் குடுத்தா. சோறு போட்டா. அவரைக்காப் பொரியல், எனக்குப் புடிச்சது. சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவற வரைக்கும் நானும் ஒண்ணும் கேக்கல. அப்புறம், "வண்டிக்கு என்ன, கதவு தொறக்க மாட்டீங்குது?"ன்னேன். அவ இடுப்புல சொருகியிருந்தத எடுத்துக் காட்டுனா. புதுச் சாவி. அவ வண்டிப் பக்கத்துல வந்ததும் கண்ணாடி ரெண்டும் விரிஞ்சுச்சுங்க. என் கண்ணு முன்னாலயே.

"எப்படி?"ன்னேன். "கம்பெனி சர்வீஸ்காரனுக்குப் போன் போட்டேன். ஆர்.சி. புக்கும் ஆதாரும் என் பேருல இருக்குதுங்களே, பாத்துட்டு ஆளு அனுப்புனாங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒயரை மாட்டி, கம்ப்யூட்டர்ல பாத்துப் புதுச் சாவிய வண்டிக்குச் சொல்லிக் குடுத்தாங்க"ன்னா. "அப்ப இந்தச் சாவி?"ன்னேன். அவ புதுச் சாவிய மறுக்கா இடுப்புல சொருகிக்கிட்டா. அப்புறம் சொல்றா, "பழைய சாவி எங்கம்மான்னு கேட்டாங்க. தொலைஞ்சு போச்சுன்னேன். அப்படின்னா அத வண்டியில இருந்து அழிச்சுரட்டுமா, எடுத்தவன் கையில கெடைச்சா தொறந்துருவான்னு கேட்டாங்க. அழிச்சுருங்கன்னேன்."

தொலைஞ்சு போச்சாம்! கேட்டீங்களா தம்பி? பையில வெச்சுக்கிட்டு ஆளு குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன், தொலைஞ்சு போச்சாம். "வண்டி நகரும்னு உனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்குத் தைரியமா எடுத்துட்டுப் போனியே"ன்னு கேட்டேன். அதுக்கு அவ சொன்னது இன்னும் மோசம். "போன ஆடியில நீங்க மோட்டார் கடையில எறங்கிப் போனீங்க. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். தள்ளி நிறுத்தலாம்னு எடுத்தேன், நகந்துச்சு. கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கிட்டு, பழையபடி வந்து உங்களுக்காக நின்னுட்டேன்"னா.

ஒரு வருசமுங்க! ஒரு வருசமா மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கறா. நான் எறங்கும்போதெல்லாம் "உட்டுட்டு இருக்க மனசில்ல பாரு"ன்னு சொல்றேன், அவ கம்முனு ரோட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கறா. எவ்வளவு கள்ளத்தனம் பாருங்க. கூடவே இருந்தாலும் ஒரு ஆளு மனசுல என்ன இருக்குதுன்னு நமக்கு எங்க தெரியுது?

"சரி, கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்"னேன். "நாளைக்குச் சிவகாமிக்கு டர்னுங்க"ன்னா. "அப்புறம்?"னேன். "அப்புறம் திங்கக்கெழமையும் டர்னுங்க"ன்னா.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, இந்த அழிக்கறது, கிழிக்கறது எல்லாம் சும்மா. கோவத்துல சொல்றா. கைக்குள்ள இருக்கற பொருள எங்கயோ ஒயர மாட்டி எப்படிங்க அழிக்க முடியும்? நானும் கரண்டுலயே பொழச்சவன், எனக்குத் தெரியாதா? இதுல பேட்டரி செல்லுதான் போயிருக்கும். உள்ள வட்டமா ஒரு செல்லு இருக்குமுங்க, வாச்சுச் செல்லாட்ட. காங்கேயத்துல போனதும் மாத்திட்டு, நாளைக்கே மறுக்கா வரப் போறேன். என்னங்க? அமுக்கிப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. ஆங், அந்தப் பட்டன்தான்.

...

செவப்பா லைட்டு எரியுதுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, வெயில் பட்டு மின்னுதான்னு. இப்படிக் குடுங்க, நான் அமுக்கறேன்.

எரியுது.

இன்னொரு சாவியையும் அமுக்கிப் பாத்தரலாம், இருங்க, இந்தப் பையில கெடக்குது. மறுக்காச் சுத்தி வெச்சேன், வெள்ளித் தாளு ஒட்டிக்கிட்டுப் பிரியவே மாட்டீங்குது. ம். இதுவும் எரியுதுங்க.

அப்பச் செல்லு நல்லாத்தான் இருக்குது.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். ஒண்ணுமில்ல. அந்தா, தாராபுரம் வந்துருச்சு பாருங்க. அந்தப் பழக்கடைதானுங்க நான் சொன்னது, பச்சைத் தார்ப்பாய் கட்டுனது. ஆளும் அவனேதான். பாருங்க, இன்னைக்கும் ஆப்பிள அடுக்கித்தான் வெச்சிருக்கறான். நீங்க எறங்கோணுமில்ல? பஸ் ஸ்டாண்டுக்குள்ள போய்த்தான் நிக்கும், சித்தெ இருங்க. இத ஒண்ண மட்டும் கேட்டுட்டுப் போங்க. இத நான் யார்கிட்டயும் சொல்லல.

கொஞ்ச நேரத்துக்கு முந்தி, உடுமலை பஸ் ஸ்டாண்டுல என்னக் கொண்டாந்து உட்டது தனந்தான். நடக்க வேண்டாம் வாங்கன்னு கூட்டிட்டு வந்தா. நான் எப்பவும் போல பக்கத்துல உக்காந்துட்டு வந்தேன். ஏசி எனக்குச் சேரற அளவு அவளே கொறைச்சு வெச்சா. பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிறுத்துனா. எஞ்சினை ஆப் பண்ணல. நான் எறங்கிக் கதவச் சாத்திட்டு நின்னேன். ரெண்டு சாவியும் என் பையில இருக்குதுங்க. எறங்கிட்டேன், சாத்திட்டேன், நின்னுட்டே இருக்கறேன்.

கத்தலீங்க தம்பி.

ஒருவேள சரியாச் சாத்தலையோன்னு கதவ மறுக்காத் தொறந்து, ஓங்கிச் சாத்துனேன். அப்பவும் கத்தல. நான் ஒருத்தன் எறங்குனதே அதுக்குத் தெரியல. ரோட்டுல அத்தனை சத்தம், எனக்கு ஒண்ணும் காதுல விழல. அது கத்துதான்னு மட்டுந்தான் கேட்டுட்டு நிக்கறேன். தனம் கண்ணாடிய எறக்கிக் குனிஞ்சு, "ஏனுங்க, எதையாச்சும் உள்ள வெச்சுட்டீங்களா? கதவு சாத்தலீங்களா?"ன்னா.

"இல்ல தனம், சாத்திருச்சு. நீ போ"ன்னேன்.

"சரிங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.